பச்சை வேட்டியில் போன இங்கிலீஷ் பரீட்சை

"உனக்கு என்ன மாதிரி உடுப்பு பிடிக்கும்?" என்று இருபத்து மூன்று வயது வரைக்கும் என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டவர் இங்கிலீஷில் கேட்டார். இடம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடி அறை. அவர் முன்னால் நான் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, தாடியும் ருத்திராட்ச மாலையுமாக, காலில் செருப்புகூட இல்லாமல் நிற்கிறேன். கேட்பதற்கு நேரம் பார்த்தார் பாருங்கள்!

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என் அப்பாவின் பாஷையில் அதற்குத் தண்டச்சோறு என்று பெயர். அப்பா வெங்காயப் பேட்டையில் எடை போடுகிறவர். விடியுமுன் போய்விட்டு மத்தியானம் வருவார். வந்ததும் என் பக்கம் பார்க்காமலே, "தொரை எந்திரிச்சிட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்பார். நான் பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு ஏதாவது இன்டர்வியூவுக்குக் கிளம்பினால், "ஏலே, வரும்போது ரேஷன்ல சீமெண்ணெ ஊத்துறானான்னு பாத்துட்டு வா" என்பார். போகிற காரியம் ஜெயிக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். எனக்கு வயிறெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதுதான் நடந்தது. வேலை கிடைக்கவில்லை, சீமெண்ணெய் கிடைத்தது.

அம்மா வேறு வழியில் போனாள். என்னைக் கேட்காமலே பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும், அதற்காக மூன்று வருஷம் அவன் மாலை போட்டு, விரதம் இருந்து, தைப்பூசத்துக்கு நடந்தே வருவான் என்று. நடப்பவன் நான், வேண்டியவள் அவள். முதல் வருஷம் இதற்காக அவளோடு பெரிய சண்டை போட்டேன். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் போக வெட்கமாக இருந்தது. படித்தவன் அல்லவா!

மாலை போட்ட அன்றைக்குச் சாயங்காலம் ஒரு காரியம் நடந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா வெளியிலிருந்து வந்து, பீடியை வாசலிலேயே அணைத்துப் போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். "சாமி, சாப்பிடுங்க. வெஞ்சனம் இன்னங் கொஞ்சம் வைக்கச் சொல்லவா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அம்மா தன் பிள்ளையையும், பெண்டாட்டி தன் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வழக்கத்தைத்தான் செய்தார். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வரைக்கும் தண்டச்சோறு, இன்றைக்குச் சாமி. நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். மாலை இருக்கும் வரைக்கும் தினமும் அப்படித்தான். பழனிக்குப் போய் மாலையைக் கழற்றிவிட்டு வந்த மறுநாள் காலையில், "ஏலே, எந்திரிலே, பொழுது எங்க வந்துருச்சு பாரு" என்று பாயை உதைத்தார்.

இந்த மரியாதை எனக்கா, வேட்டிக்கா? இரண்டாவது வருஷமும் இதையே யோசித்தேன். அம்மாவிடம் கேட்கவும் முடியாது. "கிறுக்குத்தனமாப் பேசாத சாமி" என்று அதற்கும் ஒரு சாமியைப் போடுவாள்.

மூன்றாவது வருஷம்தான் அந்த இன்டர்வியூ வந்தது. மெடிக்கல் ரெப் வேலை. மருந்துக் கம்பெனி சார்பில் ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்து, எங்கள் மருந்தை எழுதுங்கள் என்று இங்கிலீஷில் எடுத்துச் சொல்கிற வேலை. டை கட்டி, ஷூ போட்டு, தோல் பையோடு பைக்கில் போவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பையன்களுக்கு அதுதான் கலெக்டர் உத்தியோகம். அதற்கு முதலில் இங்கிலீஷில் பேசச் சொல்லிப் பார்ப்பார்கள், அதில் தேறியவர்களுக்கு மட்டும் வேலை. தேதியைப் பார்த்தால், நாங்கள் பழனிக்கு நடக்கக் கிளம்புவதற்கு முந்தின நாள்.

இந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் எதிர்வீட்டு நண்பன். மருந்துக் கடையில் வேலை பார்த்தான். ரெப்புகள் எல்லாம் அவனுக்குப் பழக்கம். "மாப்ள, அவிங்க என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்டா. மதுரையில இதே ஆளுங்க இதையேதான் கேட்டிருக்காங்க. என்ன டிரெஸ் புடிக்கும், ஏன் புடிக்கும். ரெண்டு நிமிஷம் பேசணும், அம்புட்டுதான்" என்றான். பதிலையும் அவனே தயாராக வைத்திருந்தான். எனக்கு வெளிர்நிறச் சட்டையும் அடர்ந்த நிறப் பேன்ட்டும் பிடிக்கும், டை பிடிக்கும், பாலிஷ் போட்ட ஷூ பிடிக்கும், ஏனென்றால் டாக்டர் முதலில் பார்ப்பது நம் உடுப்பைத்தான், பிறகுதான் மருந்தை. இதை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டேன். கிணற்றடியில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, 'ஐ லைக் டு வேர் எ டை' என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா அது ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் சரி, எதைப் போட்டுக்கொண்டு போவது? நண்பன் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினான். "ஒரு நாள், ஒரு மணி நேரம் பேன்ட் ஷூ போட்டுட்டு வந்துரட்டும்மா. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ரெண்டு வருஷம் நடந்தாச்சு. இது மூணாவது. கடைசியில வந்து செருப்பப் போடச் சொல்றியா? எந்த வேலைக்காக வேண்டுனேனோ அந்த வேலைக்கே விரதத்த முறிச்சிட்டுப் போனா, வேலை எப்பிடிப்பா கெடைக்கும்?"

"இந்தக் கோலத்துல போனா மட்டும் எப்பிடிம்மா கெடைக்கும்?"

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் என் தொல்லை. வேட்டியைக் கழற்றினால் வேலை கிடைக்காது, கழற்றாவிட்டாலும் கிடைக்காது. முருகா, இதற்கு நீயே ஒரு வழி சொல்லு என்று படத்துக்கு முன்னால் நின்றேன். அவரும் பேன்ட் போட்டவரில்லை. அவர் என்ன சொல்வார்?

கடைசியில் நண்பனும் நானும் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தோம். வீட்டிலிருந்து வேட்டியில் கிளம்புவது, அவன் கடையின் பின்கட்டில் பேன்ட் ஷூ மாற்றிக்கொள்வது, முடிந்ததும் மறுபடி வேட்டி. டையை மட்டும் அவன் முதல் நாளே முடிச்சுப் போட்டுத் தந்துவிட்டான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பும்போது அப்பா வீட்டில் இருந்தார். பேட்டைக்குப் போகவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி, போயிட்டு வாங்க. நல்லபடியா முடியும்" என்றார். எத்தனையோ இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறேன். சீமெண்ணெயைப் பற்றிப் பேசாமல் அவர் என்னை வழியனுப்பியது அன்றைக்குத்தான். சட்டைப்பையில் டை கனத்தது.

தெருவுக்கு வந்தால் எங்கு பார்த்தாலும் பழனிக்குப் போகிற கூட்டம். காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் வடமதுரைப் பக்கத்திலிருந்தும் பச்சையும் காவியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். அரோகரா சத்தத்தில் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்கவில்லை. நான் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். "சாமி, வழி இங்கிட்டு" என்று எத்தனை பேர் திருப்பிவிட்டார்கள்! மருந்துக் கடைக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "சாமி, பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. உங்க கையால துன்னூறு பூசிவிடுங்க" என்று தலையைக் குனிந்தாள். மடியில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசினேன். குழந்தையின் நெற்றி சுட்டது. மருந்து விற்கப் போகிறவனிடம் வந்து திருநீறு கேட்கிறாள். அவள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அதற்குமேல் கடையின் பின்கட்டுக்குப் போய் வேட்டியை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன், பயம் என்றும் சொல்ல முடியாது. என்னவென்றே தெரியவில்லை. நண்பன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் தலையை ஆட்டிவிட்டு லாட்ஜைப் பார்த்து நடந்தேன். "ஏலே, நாசமாப் போக! ஏலே சாமி!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

லாட்ஜ் மாடியில் வராந்தா நிறையப் பேன்ட், டை. எல்லாருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன் முணுமுணுத்ததைக் காது கொடுத்துக் கேட்டேன். வெளிர்நிறச் சட்டை, அடர்ந்த பேன்ட், டாக்டர் முதலில் பார்ப்பது உடுப்பை. அந்தப் பக்கம் இருந்தவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். என் நண்பன் பாவி, ஊருக்கே ஒரே பதிலைக் கொடுத்திருக்கிறான்! கீழே பிரியாணிக் கடையில் தம் பிரிக்கிற வாசனை மாடி வரைக்கும் வந்தது. விரதக்காரன் நான், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நெட்டுருப் போட்டதும் அதில் ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர், மேனேஜர். மற்றவர் இளவயசு, டை கட்டியவர். நான் நுழைந்ததும் கைகூப்பி, "குட் மார்னிங் சாமி" என்றேன். வாய்ப்பழக்கம்! ஒரு மாதத்துக்கு மேலாகப் பால்காரர், கண்டக்டர் எல்லாரையும் சாமி என்று கூப்பிட்ட வாய், சார் என்று திரும்ப மறுத்துவிட்டது. இளவயசுக்காரர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் சிரிக்கவில்லை. உனக்கு எந்த மாதிரி உடைகள் பிடிக்கும், ஏன், சொல்லு என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். வெளிர்நிறச் சட்டை வந்தது. அடர்ந்த நிறப் பேன்ட் வந்தது. பாலிஷ் போட்ட ஷூ வந்தபோது இளவயசுக்காரர் எட்டி என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வெறுங்கால், தெருப் புழுதி. டையில் வந்து நின்றேன். "எங்கே டை?" என்றார் அவர். நான் சட்டைப்பையிலிருந்து உருவினேன். அது முடிச்சோடு வெளியே வந்து தொங்கியது. அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இவ்வளவும் பிடிக்கும் என்றால், இதை ஏன் உடுத்தியிருக்கிறாய்?" என்றார் பெரியவர்.

மாலை போட்டிருக்கிறேன் என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "ஐ புட் கார்லண்ட், சார்" என்றேன்.

"டு ஹூம்?" என்றார் இளவயசுக்காரர். கல்யாணம் என்று நினைத்துவிட்டார். நான் பதறிப்போய், மலை, கடவுள், என் அம்மா, ப்ராமிஸ் என்று கையில் கிடைத்த வார்த்தைகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். ஒன்றுக்கொன்று சேரவில்லை. வேர்த்து ஊற்றியது. வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது.

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். உன் அம்மாவை விடு, மனப்பாடம் செய்ததையும் விடு. இப்போது உடுத்தியிருக்கிற இது, உனக்குப் பிடிக்கிறதா? மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தமிழில் கேட்டிருந்தாலும் தெரியாது. மூன்று வருஷமாகக் கட்டிய வேட்டி. அம்மாவுக்காகக் கட்டினேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாதான் கண் முன்னால் வந்தார்.

"எஸ் சார்" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஒய்?"

தண்டச்சோறுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? ஏலேக்கு என்ன வார்த்தை? தேடிப் பார்த்தேன், இல்லை. இருப்பதைக் கொண்டு சொன்னேன். நான் பேன்ட் சட்டை போட்டால் என் அப்பா என்னைப் பார்ப்பதில்லை. இந்த உடுப்பில் இருந்தால் என்னிடம் பேசுகிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இன்று காலையில் எனக்கு நல்லது நடக்கும் என்று சொன்னார். அதனால் எனக்கு இது பிடிக்கும். இலக்கணம் எப்படி இருந்ததோ, மனப்பாடம் செய்யாமல் நான் இங்கிலீஷில் பேசிய முதல் பேச்சு அதுதான். வெட்கங்கெட்ட கண்ணீர் வேறு வந்து தாடியில் இறங்கியது.

இளவயசுக்காரர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா என்ன பண்றாரு?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன். "சரி. போயிட்டு வாங்க சாமி" என்றார். கேலியா, நிஜமா? படி இறங்கும்போது யோசித்தேன், ஒட்டன்சத்திரம் தாண்டி வெறுங்காலில் சரளைக்கல் குத்த நடந்தபோதும் யோசித்தேன், விளங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று அம்மா துருவியபோது, "துணிமணியப் பத்திக் கேட்டாங்க சாமி" என்று மட்டும் சொன்னேன்.

பழனியில் மொட்டை போட்டு, மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். சில நாளில் ஆர்டர் வந்துவிட்டது. அம்மா அந்தக் கவரை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள். நண்பன் தன்னால்தான் என்று தெருவெல்லாம் சொன்னான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கவரைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கொடுத்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏலே என்று வரவில்லை. மாலையும் இல்லை, அதனால் சாமி என்றும் வரவில்லை. "மழை வரும்போல இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தை மாசத்தில் எங்கிருந்து மழை!

மொட்டைத்தலையும் டையுமாக வேலையில் சேர்ந்தேன். அந்த வருஷம் முழுக்க அப்பா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. "சோறு இருக்கு" என்பார், சுவரைப் பார்த்து. "வெளிய வெயிலு சாஸ்தி" என்பார், கதவைப் பார்த்து. நான் டை கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். சம்பளக் கவரை அவர் கையில் கொடுக்கப் போனால், அம்மாவிடம் கொடுக்கும்படி தலையால் காட்டுவார். முன்பாவது ஏலே என்று ஒரு சொல் இருந்தது. வேலை கிடைத்தால் அப்பா பேசுவார் என்று நம்பியிருந்தேனே, இதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அடுத்த மார்கழியில் நானே போய்ப் பச்சை வேட்டி வாங்கினேன். கம்பெனியில் கெஞ்சி லீவு சொன்னேன். கோயிலில் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா திகைத்துப்போனாள். "வேண்டுதல்தான் முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு சாமி? புதுசா என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"சும்மாதான் சாமி" என்றேன்.

சாயங்காலம் அப்பா பேட்டையிலிருந்து வந்தார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாசலில் பீடியை அணைப்பது தெரிந்தது. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் வேட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசுகிறவர் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "டாக்டருங்க மதிச்சுப் பேசுறாங்களா? வெயில்ல ரொம்ப அலையிறீங்களோ? அந்தக் கழுத்துல கட்டுறது, மூச்சு முட்டாதா சாமி?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வந்தன. நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.